நாள் ஒன்று, எழுத்துப் பல

சென்னைப்பட்டினத்துக் கோட்டை 1746-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று என்பது வரலாறு கற்றோர் அறிந்த செய்தி. அது எந்த நாளில் நிகழ்ந்தது? ஆங்கிலேயரின் பழைய ஏடுகளைப் புரட்டினால் செப்டம்பர் 10 என்று இருக்கும். பிரெஞ்சுக்காரரின் ஏடுகளோ செப்டம்பர் 21 என்று கூறும். கோட்டை இரண்டு முறை வீழவில்லை. ஏடெழுதியவர்களுள் எவரும் பொய் எழுதவும் இல்லை. நிகழ்ச்சி ஒன்று, நாளும் ஒன்று, அதை எழுதிய முறைதான் இரண்டு.

பதின்மூன்றாம் கிரகோரி என்னும் போப்பாண்டவர் 1582-இல் பஞ்சாங்கத்தைத் திருத்தினார். அவ்வாண்டில் அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15 எனக் கணக்கிடப்பட்டது. பிரான்சு அத்திருத்தத்தை அதே ஆண்டின் இறுதியில் ஏற்றுக்கொண்டது. இங்கிலாந்து 1752 வரையில் ஏற்கவில்லை. ஆகவே, 1746-இல் சோழமண்டலக் கரையில் வணிகமும் போரும் செய்துகொண்டிருந்த இவ்விரு கூட்டத்தாரும் பதினொரு நாள் இடைவெளியில் வாழ்ந்தனர் எனலாம். ஒரே கடற்காற்று வீசிய இரு கோட்டைகளில் இருவேறு தேதிகள் வழங்கின.

அதே காலத்தில் புதுச்சேரியில் தமிழர் ஒருவர் நாள்தோறும் நாட்குறிப்பு எழுதி வந்தார். அவர் ஆனந்தரங்கப் பிள்ளை. அவருடைய குறிப்பு 1736 செப்டம்பர் 6-இல் தொடங்குகிறது. அந்நாளையே அவர் நள ஆண்டு ஆவணித் திங்கள் 25 என்றும் குறித்தார். ஒரே நாளுக்கு இரண்டு பெயர் இட்டு, இரு கணக்கில் வாழ்ந்தவர்க்கும் விளங்குமாறு செய்தார். எழுதப்பட்ட நாள் படிப்பவனுக்கு விளங்க வேண்டும் என்னும் எளிய உண்மையை அவர் உணர்ந்திருந்தார். இன்று வலைத்தளங்களை அமைப்போர் பல மொழியினருக்கும் விளங்குமாறு தேதியையும் எழுத்தையும் எவ்வாறு காட்டுவது என்று ஆராய்கின்றனர். அவர்களுடைய வேலைக்கும் இவ்வுண்மையே அடிப்படை. அந்த வேலையின் வரலாற்றைத்தான் இப்போது சிறிது காண்போம்.

முதலில் நம் நாட்டுக் கல்வெட்டுகளை நோக்குவோம். சோழர் காலத்துக் கல்வெட்டுகள் பெரும்பாலும் அரசனின் ஆட்சியாண்டைக் கூறுகின்றன. சிலவற்றில் ஞாயிறு நின்ற இராசியும், வளர்பிறையோ தேய்பிறையோ என்பதும், திதியும், கிழமையும், விண்மீனும் தொடர்ந்து வரும். பாண்டியர் கல்வெட்டுகளில் ஓர் ஆண்டுக்கு எதிராம் ஆண்டு இத்தனை என்று இரட்டையாகக் குறிக்கும் வழக்கமும் உண்டு. இவற்றில் ஓர் ஒழுங்கு காணப்படுகிறது. பெரிய அளவு முன்னே நிற்க, சிறிய அளவு பின்னே வருகிறது. ஆண்டு, பிறகு திங்கள், பிறகு நாள் என்பதே அம்முறை. ஓலைச்சுவடிகளிலும் பழைய பத்திரங்களிலும் இதே வரிசையைக் காண்கிறோம். ஆண்டுக்கு ௵ என்றும், மாதத்துக்கு ௴ என்றும், நாளுக்கு ௳ என்றும் தனிக் குறிகள் இட்டு எழுதினர் நம் முன்னோர். எண்களையும் தமிழ் எழுத்தில் எழுதினர். 1957 என்பதை ஆயிரம், ஒன்பது நூறு, ஐம்பது, ஏழு எனப் பிரித்து ௲௯௱௫௰௭ என்று எழுதுவது பழைய முறை. அம்முறைக்குச் சுழி தேவைப்படவில்லை.

நாளைக் குறிப்பதில் மற்றொரு முறையும் நம்மிடம் இருந்தது. கணித நூலார் கலியுகத் தொடக்கமாகிய கி.மு. 3102-லிருந்து நாள்களை ஒன்று, இரண்டு என்று இடைவிடாமல் எண்ணி வந்தனர். மாதமும் ஆண்டும் அக்கணக்கில் இல்லை. வெறும் நாள்களின் தொகைதான். அகர்கணம் என்பது அதன் பெயர். பழைய தென்னார்க்காட்டு மாவட்டத்தில் கிராமம் என்றே பெயர் பெற்ற ஓர் ஊர் உள்ளது. அவ்வூர்க் கோயிலில் முதற் பராந்தக சோழனின் 36-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று கலியுகத்தின் 14,77,037-ஆம் நாள் எனத் தன் நாளைக் குறிக்கிறது. அறிஞர் கணக்கிட்டுப் பார்த்தபோது அது கி.பி. 943 சனவரி 14, சனிக்கிழமை என்று தெளிவாயிற்று. ஓர் அரசனின் ஆட்சியாண்டு மட்டும் இருந்திருப்பின், அவன் எப்போது முடிசூடினான் என்று நாம் தேடி அலைய வேண்டியிருக்கும். எண்ணப்பட்ட நாளோ ஆயிரம் ஆண்டு கடந்தும் ஐயமின்றிப் பேசுகிறது. இந்தக் கல்வெட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதனிடம் மீண்டும் வருவோம்.

அறுபது ஆண்டுச் சுழற்சியின் இடர்ப்பாட்டையும் நாம் அறிவோம். பிரபவ முதல் அட்சய வரை அறுபது பெயர்கள். அறுபது முடிந்தால் மீண்டும் பிரபவ. ஹேவிளம்பி என்றால் 1897-இல் தொடங்கிய ஆண்டா, 1957-இல் தொடங்கியதா, 2017-இல் தொடங்கியதா? வீட்டுப் பெட்டியிலிருந்து எடுத்த ஒரு பழைய பத்திரத்தில் ஆண்டின் பெயர் மட்டும் இருந்தால், நிலம் பாட்டனுடையதா பூட்டனுடையதா என்பதே வழக்காகிவிடும். எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை என்னும் தமிழறிஞர் இத்துறையில் வாழ்நாளைச் செலவிட்டவர். அவர் 1911-இல் இந்தியக் காலக்கணிதம் பற்றி ஒரு நூலும், 1922-இல் பல நூற்றாண்டுகளுக்கு உரிய விரிந்த பஞ்சாங்கத் தொகுதிகளும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். திதியும் கிழமையும் விண்மீனும் தந்தால், அந்நாள் ஆங்கிலக் கணக்கில் எது என்று அவர் அட்டவணைகளைக் கொண்டு காணலாம். இருவேறு முறைகளுக்கிடையே பாலம் அமைத்த பெருமை அவருக்கு உண்டு.

ஆங்கில ஆட்சியும் அச்சும் வந்த பின்னர் நம் வரிசை தலைகீழாயிற்று. நாள் முன்னும், மாதம் நடுவும், ஆண்டு இறுதியுமாக 15-8-1947 என்று எழுதப் பழகினோம். அமெரிக்க நாட்டினரோ மாதத்தை முன்வைத்து, நாளை நடுவில் வைப்பர். 3-4-2024 என்பது நமக்கு ஏப்ரல் 3. அவர்களுக்கு மார்ச்சு 4. மருந்துப் புட்டியில் காலாவதி நாளைப் படிப்பவனும், வெளிநாட்டுப் பயணத்துக்குச் சீட்டு வாங்குபவனும் இதில் தவறினால் விளைவது என்ன என்று சொல்ல வேண்டுவதில்லை.

நாடு விடுதலை பெற்ற பின்னர் இச்சிக்கலைத் தீர்க்க ஒரு பெருமுயற்சி நடைபெற்றது. பாரதத்தில் அப்போது ஏறத்தாழ முப்பது வகைப் பஞ்சாங்கங்கள் வழக்கில் இருந்தன. அவற்றை ஆராய 1952-இல் மேகநாத சாகா என்னும் பௌதிக விஞ்ஞானியின் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அக்குழு 1955-இல் அறிக்கை தந்தது. அதன்படி 1957 மார்ச்சு 22, சக ஆண்டு 1879 சைத்திரம் முதல் நாள் என்று அறிவிக்கப்பட்டது. தமிழர்க்கு அது துன்முகி ஆண்டின் பங்குனித் திங்கள். சாகா அதற்கு முந்திய ஆண்டே மறைந்துவிட்டார். அரசிதழிலும், அரசு வெளியிடும் நாட்காட்டிகளிலும், வானொலிச் செய்தியிலும் சக ஆண்டுத் தேதி ஆங்கிலத் தேதியோடு சேர்ந்து வந்தது. ஆயினும் ஊர்ப்புறத்து மக்கள் தை முதல் நாளைத் தையென்றே கொண்டாடினர். சம்பளம் வாங்குவோர் ஆங்கில மாதத்தின் முதல் நாளையே எதிர்நோக்கினர். ஒரே முறையை எல்லோர் மேலும் சுமத்துவதால் மட்டும் தேதிச் சிக்கல் தீர்ந்துவிடாது என்பதை அம்முயற்சி காட்டிற்று.

இனிக் கணிப்பொறிக்கு வருவோம். தொடக்கக் காலத்துக் கணிப்பொறிகள் ஆங்கிலம் பேசும் நாடுகளில் பிறந்தவை. அவற்றின் தேதியும், எழுத்தும், எண்ணும் அந்நாட்டு வழக்கில் அமைந்தன. நினைவிடம் விலையுயர்ந்ததாக இருந்தமையால் ஆண்டை இரண்டு இலக்கங்களில் மட்டும் எழுதினர். 1957 வெறும் 57 ஆயிற்று. நம் அறுபது ஆண்டுச் சுழற்சிபோல அதுவும் நூறாண்டுச் சுழற்சியாயிற்று. 2000-ஆம் ஆண்டு நெருங்கியபோது 00 என்பதை 1900 எனப் பொறி மயங்கிவிடுமோ என்று உலகமே அஞ்சி, பெரும்பொருள் செலவிட்டுத் திருத்தியது.

இதற்கிடையே அறிஞர் ஓர் உண்மையைக் கண்டனர். நாள் வேறு, நாளின் எழுத்து வேறு. இவ்விரண்டையும் பிரித்துவிட வேண்டும். யூனிக்ஸ் என்னும் இயங்குதளம் 1970 சனவரி முதல் நாள் கிரீனிச்சு நள்ளிரவிலிருந்து கழிந்த நொடிகளை எண்ணி வைத்துக்கொள்கிறது. அது மாதத்தையோ ஆண்டையோ நினைவில் கொள்வதில்லை. தொகையை மட்டுமே கொள்கிறது. படிப்பவன் எந்த நாட்டவன், எந்த மொழியினன் என்று அறிந்த பின்னரே அத்தொகையை அவனுக்கு உரிய தேதியாக மாற்றி எழுதுகிறது. கிராமம் கல்வெட்டில் கண்ட அகர்கணம் இப்போது நினைவுக்கு வருகிறதன்றோ? அங்கே நாள்களின் தொகை, இங்கே நொடிகளின் தொகை. கருத்து ஒன்றே.

நாடுகளிடையே ஓலை போக்கும்போது ஐயமற எழுத ஒரு பொதுமுறையும் தேவைப்பட்டது. பன்னாட்டுத் தர அமைப்பு 1988-இல் 8601 என்னும் எண்ணிட்ட தரத்தை வெளியிட்டது. ஆண்டு முதலில், மாதம் அடுத்து, நாள் இறுதியில் என்பது அதன் விதி. 1947-08-15 என்று எழுதினால் எந்த நாட்டவரும் மயங்கார். பெரியது முன், சிறியது பின் என்று ஓலையில் எழுதிய நம் முன்னோரின் வரிசையும் அதுவே. இதனால் அவர்கள் கணிப்பொறியை முன்பே கண்டார்கள் என்று வீண்பெருமை பேச வேண்டா. தெளிவை நாடும் மனம் எக்காலத்தும் ஒரே வழியில் செல்கிறது என்று கொண்டால் போதும்.

பொறிக்குப் பொதுமுறை போதும், மனிதனுக்குப் போதாது. சப்பானியன் தன் பேரரசரின் ஆட்சிக்காலப் பெயரோடு ஆண்டைப் படிக்க விரும்புகிறான். தாய்லாந்தினன் 2024-ஐப் புத்த ஆண்டு 2567 என்கிறான். செருமானியன் ஆயிரத்து ஐந்நூறை 1.500 என எழுதுகிறான். அங்கே புள்ளி ஆயிரத்தைப் பிரிப்பது, காற்புள்ளியே தசமத்தைக் குறிப்பது. நாமோ 12,34,567 என்று இலட்சத்தைப் பிரித்து எழுதுகிறோம். சிங்கப்பூரில் வாழும் தமிழர் 1,234,567 என்று ஆயிரம் ஆயிரமாகப் பிரிக்கின்றனர். மொழி ஒன்றாயினும் நாடு வேறானால் வழக்கு வேறாகிறது. ஆகவே மொழியையும் நாட்டையும் சேர்த்து ஒவ்வொரு கூட்டத்தாரின் வழக்கையும் அட்டவணையாகத் தொகுக்க வேண்டியதாயிற்று. உலகின் எழுத்துகளுக்கெல்லாம் எண் வழங்கும் யூனிகோடு அமைப்பு 2004 முதல் அத்தகைய தொகுப்பொன்றைப் பேணி வருகிறது. மாதப் பெயர், கிழமைப் பெயர், எண்ணின் பிரிப்பு, நாணயக் குறி ஆகியவை அதில் அடங்கும். தமிழ்ப் பகுதியும் அதில் உண்டு.

அட்டவணை என்றவுடன் எளிதென்று எண்ணிவிடலாகாது. ஓர் எடுத்துக்காட்டைக் கூறுகிறேன். ஆங்கில நாட்காட்டியின் தலைப்பில் கிழமைகளின் முதலெழுத்தை மட்டும் இடுவது வழக்கம். அதே கட்டளையைத் தமிழுக்கும் இட்டால் என்ன ஆகும்? கணிப்பொறியின் நினைவில் செ என்னும் எழுத்து ஒன்றாக இல்லை. ச என்னும் உடலும், எகரக் குறியும் எனத் தனித்தனியே உள்ளன. ஒற்றைக் கொம்பு கண்ணுக்கு முன்னே நின்றாலும் நினைவில் பின்னேதான் நிற்கிறது. ஆகவே, செவ்வாயின் முதற்குறியை மட்டும் வெட்டி எடுத்தால் ச என்று வரும். சனிக்கும் அதே ச. வியாழனையும் வெள்ளியையும் வெட்டினால் இரண்டும் வ ஆகிவிடும். செவ்வாயன்று செய்ய வேண்டியதைச் சனிக்கிழமைக்குத் தள்ளிவைக்கும் நாட்காட்டி எதற்குப் பயன்படும்? ஞா, தி, செ, பு, வி, வெ, ச என்று தமிழறிந்த ஒருவர் கையால் எழுதி அட்டவணையில் வைத்தால்தான் கிழமைகள் ஏழும் ஏழாக நிற்கும். எழுத்து என்று பொறி கருதுவது வேறு, தமிழ் மாணவன் அரிச்சுவடியில் கற்பது வேறு என்பதை இந்தச் சிறு செய்தி காட்டுகிறது.

வேற்றுமை உருபினால் வரும் தொல்லை இன்னும் பெரிது. ஊர்ப்பெயருக்குரிய இடத்தை வெற்றிடமாக விட்டு, அதன் பின்னே இல் என்னும் உருபை ஒட்டி ஒரு வாக்கியத்தை அமைத்துவிடுகின்றனர். வேலூர் வந்தால் வேலூர்இல் என்றாகிறது; சென்னை வந்தால் சென்னைஇல்; மதுராந்தகம் வந்தால் மதுராந்தகம்இல். நாம் எதிர்பார்ப்பது வேலூரில், சென்னையில், மதுராந்தகத்தில் என்பன. உடம்படுமெய்யும் சாரியையும் பொறிக்குத் தெரிவதில்லை. ஆங்கிலத்தில் ஊர்ப்பெயர் மாறாது நிற்பதால் அதைப் படைத்தவனுக்கு இச்சிக்கல் தோன்றவே இல்லை. அறிந்தோர் இதற்கு ஒரு வழி காண்கின்றனர். வாக்கியத்தையே மாற்றி, ஊர் என்று எழுதி, அதன் எதிரே பெயரை மட்டும் தனியே நிறுத்திவிடுகின்றனர். இலக்கணம் பிழைக்கிறது, படிப்பவனும் முகம் சுளிக்காமல் படிக்கிறான்.

பிறமொழிகளுக்கும் இவ்வகைத் தொல்லைகள் உண்டு. நமக்கு ஒருமை, பன்மை என இரண்டு போதும். உருசிய மொழியில் ஒன்றுக்கு ஒரு வடிவம், இரண்டு முதல் நான்குவரை மற்றொரு வடிவம், ஐந்து முதலாக வேறொரு வடிவம். இருபத்தொன்று வந்தால் மீண்டும் முதல் வடிவம். அரபு மொழிக்கோ அத்தொகுப்பில் ஆறு வகை வகுத்திருக்கின்றனர். எழுத்தும் வலமிருந்து இடமாகச் செல்லும். நாளின் பகுதிகளைக் கூறுவதிலும் வேற்றுமை உண்டு. ஆங்கில நாளுக்கு முற்பகல், பிற்பகல் என இரண்டே கூறு. நாமோ காலை ஆறு மணி, மாலை ஐந்து மணி, இரவு எட்டு மணி என்கிறோம். பிற்பகல் எட்டு மணிக்கு நாடகம் என்று அழைத்தால் கேட்பவர் சிரிக்கமாட்டாரா?

இவ்வேலையில் ஒரு சமூகம் விழிப்போடு இருந்தால் என்ன நிகழும் என்பதற்குச் சப்பான் சான்று. அங்கே 2019 மே முதல் நாள் புதிய பேரரசர் அரியணை ஏறினார். ரெய்வா என்னும் புதிய காலப்பெயர் ஏப்ரல் முதல் நாளே அறிவிக்கப்பட்டிருந்தது. அப்பெயரை ஒரே கட்டத்துள் அடக்கி எழுதும் ஒற்றைக் குறிக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்கி வைத்திருந்தனர். அந்த ஒரு குறிக்காகவே யூனிகோடு அமைப்பு 2019 மே மாதத்தில் ஒரு தனிப் பதிப்பை வெளியிட்டது.

நம் கதையும் முற்றிலும் சோர்வுக்குரியதன்று. யூனிகோடின் முதற்பதிப்பு 1991-இல் வந்தபோதே தமிழுக்கு இடம் கிடைத்தது. ஆனால், ஆனந்தரங்கப் பிள்ளையின் காலத்து ஏடுகளில் நிறைந்திருந்த நாள், மாதம், ஆண்டுக் குறிகள் அதில் இல்லை. அவை 2003-ஆம் ஆண்டுப் பதிப்பிலேதான் சேர்ந்தன. தமிழ்ச் சுழியம் 2005-இல் சேர்ந்தது. முந்திரி, காணி, மா முதலிய பின்னங்களுக்கு உரிய பழங்குறிகள் 2019-இல் இடம் பெற்றன. இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் சுவடிகளையும் பத்திரங்களையும் தேடி எடுத்து, இக்குறி இன்ன வடிவினது, இன்ன பொருளது என்று சான்று காட்டிய சிலருடைய உழைப்பு இருக்கிறது. இன்று ஒரு பழைய பத்திரத்தைப் பார்த்துக் கணிப்பொறியில் அவ்வண்ணமே எழுத முடிகிறதென்றால், அது அவர்கள் தந்த கொடை.

இதில் என்ன பெரிய காரியம் இருக்கிறது, ஆங்கிலத்திலேயே தேதி இருந்துவிட்டுப் போகட்டுமே என்று சிலர் கேட்பர். அவர்களுக்கு ஒன்று கூறுவேன். நம் ஊர்களில் சாதகத்தில் ஒரு பிறந்தநாளும் பள்ளிச் சான்றிதழில் மற்றொரு பிறந்தநாளும் கொண்ட முதியவர்கள் பலர் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். தாய் நினைவில் வைத்திருந்த ஐப்பசி மாதத்துப் பூசநாளை ஆங்கிலத் தேதியாக மாற்றத் தெரியாத காரணத்தால், பள்ளியில் சேர்த்த அன்று எவரோ ஒரு தேதியை எழுதிவிட்டனர். ஓய்வூதியம் கேட்கச் செல்லும்போது அந்தப் பொய்த் தேதியே மெய்யாகி நிற்கிறது. எழுதிய முறை அறியாததால் ஒருவருடைய அகவையே மாறிவிடுகிறது. இக்காலத்தில் வங்கிக் கணக்கும், தேர்வு விண்ணப்பமும், மருத்துவமனைச் சீட்டும் வலைத்தளங்களின் வாயிலாகவே நடைபெறுகின்றன. அங்கே தேதி விளங்காமல் விழிப்பவர், ஆங்கிலம் கற்க வாய்ப்பில்லாதவரே அல்லவா? இழப்பும் அவருடையதே.

கணிப்பொறிக்குத் தன்னளவில் எந்த மொழியும் தெரியாது. அது அட்டவணையைப் பார்த்துப் பேசும் கிளி. அட்டவணையில் பிறர் எழுதிவைத்த தமிழ் இருந்தால் அதையே பேசும். நாம் எழுதிவைத்தால் நம் தமிழைப் பேசும். யூனிகோடின் வட்டார வழக்குத் தொகுப்பில் பிழை கண்டால் எடுத்துச் சொல்லவும், திருத்தம் தரவும் வழி திறந்தே இருக்கிறது. தமிழாசிரியர்களும், நாட்காட்டி அச்சிடுவோரும், கல்வெட்டு ஆய்வோரும், வலைத்தளம் அமைக்கும் இளைஞர்களும் ஓரிடத்தில் அமர்ந்து பேச வேண்டிய பொருள் இது. இலக்கணம் அறிந்தவர்க்குப் பொறி தெரியவில்லை. பொறி அறிந்தவர்க்கு இலக்கணம் தெரியவில்லை. இவ்விருவரும் விலகி நிற்குமளவும் செவ்வாயும் சனியும் ஒன்றாகவே இருக்கும்.

பராந்தகன் காலத்தில் கிராமம் கோயிற் சுவரில் உளி பிடித்தவன், தனக்குப் பின் ஆயிரம் ஆண்டு கழித்து வருபவனும் அந்நாளை அறிய வேண்டும் என்று கருதினானோ இல்லையோ, அறியும்படி வெட்டினான். புதுச்சேரியில் பேனா பிடித்தவர் இரு கணக்கினர்க்கும் புரியும்படி எழுதினார். இன்று விசைப்பலகையின் முன் அமர்ந்திருப்பவர்க்கும் உரிய கடமை அதுவே. படிப்பவன் யார் என்று ஒரு கணம் எண்ணிவிட்டு நாளை எழுதுக.